காம்பர் வானுக்குக் கரண்ட் சொக்கட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: எர்த் வயரை வெட்டிவிட்டுத் தந்தார்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். மழை விட்டு முற்றமெல்லாம் ஈரம். அடுத்த நாள் விடிய நுவரெலியாவுக்கு வெளிக்கிட இருந்ததால், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலிலேயே, உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள எங்கள் காம்பர் வானை நிறுத்தி, வீட்டிலிருந்து கரண்ட் குத்தி, உள்ளே இருக்கும் தண்ணீர் ஹீட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவன் வெறுங்காலோடு ஓடிவந்து பின்பக்க இரும்பு ஏணியைப் பிடித்தான். "அப்பா, வான் கடிக்குது!" என்று கத்திக்கொண்டு கையை உதறினான். அவனுக்கு ஏழு வயது. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினேன். அந்த நடுக்கம் எனக்கு இரவு முழுக்கப் போகவில்லை.

அதற்கு மூன்று கிழமைக்கு முன்புதான் அந்த வானின் சொக்கட்டை மாற்றியிருந்தோம். வெளிப்பக்கத்தில் இருக்கும் நீல நிற, மூன்று பின் உள்ள, 16 ஆம்பியர் சொக்கட். அதன் மூடியின் ஸ்பிரிங் போய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு பின் கருகிப் பழுப்பாகியிருந்தது. அத்தோடு, ஹீட்டரைப் போட்டால் சில வேளை வானுக்குள் இருக்கும், கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழும். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் இரண்டையும் சொல்லித்தான் கொடுத்தேன். "ஒரிஜினல் ஜெர்மன் சாமான்" என்று சொல்லி, கூலியோடு சேர்த்து 18,500 ரூபாய் எடுத்தார்கள். பில்லில் "சொக்கட் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தது.

வானைத் தரும்போது கராஜில் வேலை செய்யும் பொடியன் ஒருவன் கரண்ட் குத்தி, ஹீட்டரைப் போட்டுக் காட்டினான். ட்ரிப் விழவில்லை. பிறகு ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமத்தினான். 'டக்' என்று விழுந்தது. "பாருங்க அண்ணன், எல்லாம் சரி. பயப்படாம போங்க." நானும் நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பயணத்தை நிறுத்திவிட்டு, தெஹிவளையில் தெரிந்த ஒரு வயரிங் அண்ணாவைக் கூப்பிட்டேன். கரண்டைக் கழற்றிவிட்டு அவர் சொக்கட்டைத் திறந்தார். பின்பக்கம் மூன்று வயர் வரவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் வரவேண்டிய துளை வெறுமையாக இருந்தது. பச்சை மஞ்சள் வயரை வெட்டி, நுனிக்குக் கறுப்பு டேப் சுற்றி, பலகைக்குப் பின்னால் தள்ளி மறைத்திருந்தார்கள். மற்ற இரண்டு வயரிலும் பாதி இழைகளை நறுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் துளைக்குள் விட்டிருந்தார்கள். ஸ்குரூ விரலாலேயே சுழன்றது. அவர் ஒரு சின்னக் காந்தத்தைச் சொக்கட்டின் பின் ஒன்றுக்குக் கிட்டக் கொண்டுபோனார், ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஆக, அது முலாம் பூசிய இரும்பு.

ஏன் வெட்டினார்கள் என்பதை அவர்தான் விளங்கப்படுத்தினார். ஹீட்டரின் எலிமென்ட், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, பழுதாகி உள்ளே கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றைத்தான்: லைவில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று. அதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அது விழவேண்டும். எர்த் இருந்தபோது கசிவு அந்த வழியால் போனது, ட்ரிப்பும் ஒழுங்காக விழுந்தது. கராஜ்காரர் கசிவைத் தேடவில்லை. எர்த்தை வெட்டினால் ட்ரிப் விழாது, வேலை முடிந்தது. ஆனால் வான் நிற்பது ரப்பர் டயரில். கசிந்த கரண்டுக்கு நிலத்துக்குப் போக வழியில்லாமல் வான் பொடி, அதாவது வெளி இரும்புக் கூடு, முழுக்க நின்றது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற பிள்ளைதான் அதற்கு வழியானான். அவன் உடம்பால் போன கரண்ட் 30 மில்லி ஆம்பியருக்கு வரவில்லை போல, அப்போதும் ட்ரிப் விழவில்லை.

அந்த டெஸ்ட் பட்டன் விஷயத்தைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பட்டனை அமத்தினால் ட்ரிப் சுவிட்ச் தனக்குள்ளேயே சின்ன வித்தியாசமொன்றை உண்டாக்கித் தன்னைத் தானே சோதிக்கிறது. எர்த் வயருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எர்த் அடியோடு இல்லாவிட்டாலும் 'டக்' என்று விழும். எனக்குக் காட்டியது அதைத்தான்.

திரும்பப் போய்க் கேட்டபோது முதலாளி கொஞ்சமும் கூசவில்லை. "எர்த் குடுத்தா ட்ரிப் அடிக்குது, நீங்கதானே அடிக்காம செய்யச் சொன்னீங்க" என்றார். நான் சொன்னது பழுதைத் திருத்தச் சொல்லி. பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் சொக்கட்டின் விலையை மட்டும் தந்தார். படங்களையும் பில்லையும் வைத்து நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பதென்று சொல்வார்கள்.

வயரிங் அண்ணா எலிமென்ட்டை மாற்றி, புதுச் சொக்கட் போட்டு, இழைகள் பிரியாமல் வயர் நுனிகளுக்குச் சின்ன உலோகக் குழாய் அமத்திப் பூட்டினார். வீட்டுச் சுவருக்குள் போடும் தடித்த ஒற்றைக் கம்பி வயர் வானுக்கு ஆகாது, ஓடுகிற அதிர்வில் உடைந்துவிடும் என்றார். பல இழை உள்ள, 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் வயர்தான் போட்டார்.

உங்கள் வானை எடுக்கும்போது, காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கரண்ட் வயரை முழுதாகக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை (கரண்ட் அளக்கும் கருவி) ஓம்ஸில், அதாவது தடை அளக்கும் இடத்தில், வைத்து, ஒரு முனையைச் சொக்கட்டின் எர்த் பின்னில் வையுங்கள். மூன்றிலும் தடித்தது அதுதான். மற்ற முனையை வான் பொடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். எங்களுக்கு இப்போது 0.2 காட்டுகிறது. அப்படிக் குறைவாகக் காட்டாவிட்டால் அந்த வானுக்குக் கரண்ட் குத்தவே வேண்டாம். சொக்கட்டின் பின்பக்கத்தை மூடுமுன் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளிடம் போங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மீட்டர் இல்லாதவர்கள் யாரும் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். ஞாயிறு பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். வானைக் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தருகிறேன்.