கேபிளா, ஃபைபரா, 5ஜி பெட்டியா? ஒரு ரொட்டிக் கடைக்கு இணையம் தேடியபோது

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், மேற்குப் பக்கம், ஆறு கடைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கட்டடத்தில் என் கணக்கு அலுவலகம் இருக்கிறது. பக்கத்துக் கடை பனதேரியா, அதாவது மெக்சிகோ ரொட்டிக் கடை. அதை நடத்துகிறவர் மெக்சிகோவின் மான்டெரெயிலிருந்து வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊரில் 'அம்மா' என்கிற மாதிரி. அவருக்கு நான் 'வெசினா', பக்கத்துக்காரி. என்னிடம் கணக்கு எழுதக் கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் அவரைப் போன்றவர்கள்தான். டாக்கோ வண்டி, டயர் கடை, சலூன், வீடு துடைக்கும் வேலை எடுப்பவர்கள். இந்த நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவர்கள்.

சென்ற ஆண்டு, 2025 பிப்ரவரியில், நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் கேபிள் இணைப்பை விட்டுவிட்டு 5ஜி பெட்டிக்கு மாறினோம். கைபேசி டவரிலிருந்து சிக்னல் வாங்கிக் கடைக்குள் வைஃபை தருகிற பெட்டி அது, கம்பி வேண்டாம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை வழியாக வருகிற இணையம். மாறும் முன் கேபிள், ஃபைபர், 5ஜி மூன்றையும் அவருடைய சமையலறை மேஜையில் காகிதம் போட்டு அலசினோம். அப்புறம் பதினான்கு மாதம் ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதிவைக்கிறேன். என் சாய்வு 5ஜி பெட்டியின் பக்கம்தான். ஏன் என்பதுதான் இதில் பெரும்பகுதி.

வேகத்தை முதலிலேயே முடித்துவிடலாம். விற்பனைக்காரர்கள் எல்லோரும் அதையே பேசுவார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, நல்ல இணையம் என்பதற்கான அளவை இறக்கத்துக்கு (டவுன்லோட்) வினாடிக்கு 100, ஏற்றத்துக்கு (அப்லோட்) 20 மெகாபிட் என்று உயர்த்தியது. அதற்கு முன் 25, 3 என்று இருந்தது. ஒரு ரொட்டிக் கடைக்கு அந்தப் பழைய அளவே கிட்டத்தட்டப் போதும். கார்டைத் தேய்க்கும்போது போய்வருவது சில கிலோபைட்தான். டெலிவரி ஆர்டர் வரும் டேப்லெட், பாட்டு, வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பை மட்டும் லேசாக நினைத்துவிட வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2021இல் எடுத்த கணக்கில், ஹிஸ்பானிக் பெரியவர்களில் 46 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள், வெள்ளையர்களில் 16 சதவீதம். தோன்யாவின் கேக் ஆர்டர் புத்தகமே அதுதான். படம் வரும், அளவு வரும், 'சனிக்கிழமை நாலு மணிக்கு' என்று குரல் பதிவு வரும். இணையம் நின்றால் அந்தப் புத்தகமும் மூடிக்கொள்ளும்.

ஏற்றம் உண்மையிலேயே தேவைப்படுவது கண்காணிப்புக் கேமராவுக்கு. ஒரு கேமரா தெளிவான படத்தைத் தொடர்ந்து மேலே அனுப்ப 2 முதல் 4 மெகாபிட் கேட்கும். இரண்டு மூன்று கேமரா என்றால் மூன்று வழியிலும் சமாளிக்கலாம். பத்து, பன்னிரண்டு வைக்கிறவர்கள் நேராக ஃபைபருக்குப் போய்விடுங்கள்.

பணம்? தோன்யாவின் கேபிள் பில், கூடவே ஒட்டவைத்த தொலைபேசி எண்ணோடு, மாதம் 119 டாலர். இப்போது பெட்டிக்கு 60. ஆனால் பழைய ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் மீதியிருந்ததால், அந்த நான்கு மாதத்தையும் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. அரசாங்கச் சலுகை ஏதாவது கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். மாதம் 30 டாலர் குறைத்த ஏசிபி என்ற திட்டம் இருந்தது. ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் இருந்தன. பணம் தீர்ந்து 2024 ஜூன் முதல் தேதியோடு முடிந்துவிட்டது. அதுவும் வீடுகளுக்கான திட்டம், கடைகளுக்குக் கிடையாது. ஆனாலும் தோன்யா 2022இல் வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்றபோது அந்த 30 டாலர்தான் அவருடைய இணையத்தைத் தாங்கியது. இப்படி வீட்டு அடுப்பில் ஆரம்பிக்கிற தொழில்கள் இங்கே ஏராளம். அந்தச் சலுகை நின்றது அவர்களுக்குப் பெரிய அடிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜனவரி 5. மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று மெக்சிகோக்காரர் வீடுகளில் ரோஸ்கா வெட்டுவார்கள். மேலே பழத்துண்டுகள் பதித்த, வளையம் போன்ற பெரிய ரொட்டி அது. உள்ளே ஒரு சின்னக் குழந்தைப் பொம்மை இருக்கும். பொம்மை யார் துண்டில் வருகிறதோ, பிப்ரவரி 2 அன்று அவர்தான் எல்லோருக்கும் தமாலே, அதாவது சோளமாவில் செய்து ஆவியில் வேகவைக்கும் பண்டம், கொடுக்க வேண்டும். பனதேரியாவுக்கு ஆண்டிலேயே பெரிய விற்பனை அந்த இரண்டு நாள்தான். காலை பத்தரைக்கு இணையம் போனது. கார்டு மெஷினில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசை வாசலைத் தாண்டி என் அலுவலகக் கதவு வரை வந்துவிட்டது. இந்தக் காலத்தில் சட்டைப்பையில் 35 டாலர் நோட்டாக யார் வைத்திருக்கிறார்கள்? தோன்யா கோடு போட்ட நோட்டை எடுத்து, பெயரும் தொகையும் எழுதிக்கொண்டு பெட்டிகளைக் கொடுக்க ஆரம்பித்தார். ராத்திரி எண்ணினோம், 31 பெயர். நான்கு பேரைத் தவிர எல்லோரும் பிறகு வந்து கொடுத்துவிட்டார்கள்.

அவர் மகன் அந்தக் கேபிள் நிறுவனத்தைக் கூப்பிட்டான். 'பாரா எஸ்பஞோல், ஒப்ரிமா எல் தோஸ்.' ஸ்பானிஷுக்கு இரண்டை அழுத்து. அழுத்தி, 35 நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்தார். நல்ல ஸ்பானிஷ், நல்ல பொறுமை. புகாரைப் பதிந்துகொண்டு, அடுத்த நாள் ஆள் வருவார் என்றார். அன்று மாலை தோன்யாவின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, வருகையை உறுதிசெய்ய ஒரு எழுத்தை அனுப்பச் சொல்லி. ஏதோ விளம்பரம் என்று அவர் விட்டுவிட்டார். மறுநாள் காலை 7.10க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவருடைய இரண்டு கையும் மாவில். ஆங்கிலத்தில் ஒரு குரல் பதிவு விழுந்தது. ஆள் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டால், 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று புகாரையே மூடியிருந்தார்கள். மறுபடி இரண்டை அழுத்தி, மறுபடி வரிசை. டெக்னீஷியன் வந்தது 8ஆம் தேதி. பின்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, துருப்பிடித்த ஒரு இணைப்பியை மாற்றினார். நான் பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிட வேலை.

அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. விற்க வந்தவர் ஸ்பானிஷில் பேசினார். கையெழுத்து வாங்கிய 11 பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. போனை எடுத்தவர் ஸ்பானிஷ். குறுஞ்செய்தி, டெக்னீஷியன், மூடிய புகாருக்கு வந்த கடிதம் எல்லாம் ஆங்கிலம். விளக்கு அணைந்ததிலிருந்து திரும்ப எரியும் வரை ஒரு பழுது எத்தனை கை மாறுகிறது, அதில் எத்தனை இடத்தில் மொழி மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள் தொலையும். நான் மாத வாடகையையோ வேகத்தையோ விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். கேபிளில் அது நான்கு கை.

ஃபைபர் இதில் எப்படி? அதன் பலம், பழுது அடிக்கடி வராது என்பது. கேபிளில் வழியெங்கும் சிக்னலைக் கூட்டித்தரும், கரண்ட் தேவைப்படும் பெருக்கிகள் உண்டு. தெருவில் கரண்ட் போய், அங்கே வைத்திருக்கும் பேட்டரியும் தீர்ந்தால் இணையமும் போகும். கடைகளுக்கு வரும் சாதாரண ஃபைபரில் இடையில் இருப்பது வெறும் கண்ணாடியும் ஒளிப் பிரிப்பிகளும்தான். ஏற்றமும் இறக்கமும் சமம். பழுது வந்தால் மட்டும் கேபிளுக்குச் சொன்ன அதே சங்கிலிதான். என் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. மூன்று ஆண்டில் ஒரே ஒரு முறை, தெருவில் யாரோ குழி தோண்டி அறுத்தபோது, ஒன்றரை நாள் போனது. கடையில் வைத்து நான் ஓட்டியதில்லை, அதனால் வீட்டு அனுபவத்தை வைத்து மட்டும்தான் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் கட்டடத்துக்குள் ஃபைபர் வரவில்லை. சாலை ஓரம் வரை வந்து நிற்கிறது. உள்ளே இழுக்கக் கட்டட உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். வணிகக் கட்டடங்களில் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மட்டும் நுழைவு என்று ஒப்பந்தம் போடக்கூடாது என எஃப்சிசி 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அதற்காகக் கேட்கிற எல்லோரையும் உரிமையாளர் உள்ளே விட்டாக வேண்டும் என்று ஆகிவிடாது. எங்கள் உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். கடிதத்துக்குப் பதில் வர ஏழு வாரம். வந்த பதில், 'பார்க்கலாம்.' வாடகை ஒப்பந்தமே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற சின்னக் கடைக்காரர் இதற்கு எவ்வளவு நாள் மல்லுக்கட்ட முடியும்? உங்கள் கடைக்குள் ஏற்கெனவே ஃபைபர் கம்பி வந்திருந்தால், என் சாய்வைத் தள்ளிவைத்துவிட்டு அதையே எடுங்கள்.

5ஜி பெட்டியில் நடந்தது இது. மூன்றாவது மாதம் அது தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. தோன்யா பிளக்கைப் பிடுங்கினார், கோன்ச்சா ரொட்டி போடும் காகிதப் பையில் பெட்டியை வைத்தார், பத்து நிமிடம் வண்டி ஓட்டி அந்த நிறுவனத்தின் கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் ஸ்பானிஷ் பேசினாள். இந்த ஊரில் அது அதிர்ஷ்டம் இல்லை, சாதாரணம். சோதித்துப் பார்த்து வேறு பெட்டி கொடுத்தாள். போய்வர ஒன்றரை மணி நேரம். அதுவரை மகனுடைய போனின் ஹாட்ஸ்பாட்டில் கல்லா ஓடியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மாலையில் ரொட்டி வாங்கப் போனபோதுதான் எனக்குத் தெரியும்.

பழுது அவர் கையிலேயே இருந்தது, அவர் மொழியிலேயே முடிந்தது. ஆனால் இந்த லாபம் கிடைக்க, அருகில் நேரில் போகக்கூடிய கடை ஒன்று இருக்க வேண்டும். வெறும் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுக்கிற நிறுவனத்தின் பெட்டி என்றால் நான் சொன்னதில் பாதி அடிபட்டுப்போகும். வாங்கும் முன் அந்தக் கடைக்கு ஒரு தடவை போய், ஸ்பானிஷில் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலில் பெட்டியை அடுப்புக்குப் பின்னால் எஃகு அலமாரியில் வைத்தார்கள், சிக்னல் சுத்தமாகப் படுத்துவிட்டது. முன் ஜன்னலுக்கு மாற்றியதும் சரியானது. ஆகஸ்டில் மேற்கு வெயில் நேராக அடித்து, பெட்டி சூடேறி நின்றுவிட்டது. இப்போது கேக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, நிழலில் இருக்கிறது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை வேகம் இறங்கும். டவரில் கூட்டம் சேரும்போது கைபேசிகளுக்கே முன்னுரிமை. கார்டு மெஷினுக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, மார்ச் மாதம் வரிக் கணக்குக் கோப்புகளை அனுப்பும் மாலைகளில். இன்னொன்று, இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி இணைய முகவரி கிடைக்காது, பலர் ஒன்றைப் பகிர்வார்கள். அதனால் வீட்டிலிருந்து நேரடியாகப் பார்க்கிற பழைய வகைக் கேமராப் பெட்டி வேலை செய்யவில்லை. கிளவுட் வழியாக ஓடுகிற கேமராவுக்கு 180 டாலர் ஆனது. பதிவு செய்த முகவரியில்தான் பெட்டியை வைக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. உணவு வண்டிக்காரர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டு வாங்குங்கள்.

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு கோடை. 2021 பிப்ரவரிப் பனிப்புயல் மாதிரி ஒன்று வந்து, கரண்ட் நாள்கணக்கில் போனால் டவரும் படுக்கும். அதற்கு இந்தப் பெட்டி பதில் இல்லை. அதனால் மகனுடைய போன் வேண்டுமென்றே வேறு நிறுவனத்தின் சிம். கார்டு மெஷினில் இணையம் இல்லாமல் பணம் வாங்கும் வசதியையும் திறந்து வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் வாங்கிய கார்டு பிறகு மறுக்கப்பட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு. ஆகவே 40 டாலருக்கு மேல் அப்படி வாங்குவதில்லை என்று தோன்யா மெஷின் பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறார்.

எதில் கையெழுத்துப் போடுவதானாலும் லேபிளைக் கேளுங்கள். 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய நிறுவனங்கள் விலை, கட்டணங்கள், வேகம் எல்லாவற்றையும், உணவுப் பொட்டலத்தில் சத்து விவரம் போடுகிற மாதிரி, ஒரே சீட்டில் காட்ட வேண்டும் என்று எஃப்சிசி விதி கொண்டுவந்தது. எந்த மொழியில் விளம்பரம் செய்கிறார்களோ அந்த மொழியிலும் லேபிள் தர வேண்டும் என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. ஸ்பானிஷில் விற்க வந்தவரிடம் ஸ்பானிஷ் லேபிளைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கூட உட்கார்ந்து படிக்க ஆள் இல்லையென்றால் சிறுதொழில்களுக்கு உதவும் எஸ்பிடிசி மையங்களிலும், அனுபவசாலிகள் தன்னார்வமாக வழிகாட்டும் ஸ்கோர் அமைப்பிலும் தொழில் ஆலோசனை இலவசம். 1929இலேயே தொடங்கிய ஹிஸ்பானிக் வணிகச் சங்கமும் இதே ஊரில்தான் இருக்கிறது. தோன்யா இரண்டாவது ஆண்டில்தான் அங்கே போனார். முதல் ஆண்டே போயிருந்தால் அந்த 11 பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்.

இந்த ஜனவரி 5 அன்று கோடு போட்ட நோட்டு மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. இப்போது அவர் நகரத்தின் தெற்கே இரண்டாவது கடைக்கு இடம் பார்க்கிறார். போன சனிக்கிழமை பெட்டியை இரவல் வாங்கி, நிறுவனத்தில் சொல்லிவிட்டு, அங்கே எடுத்துப்போய் வைத்துப் பார்த்தோம். ஐந்தில் இரண்டு கோடுதான் வந்தது, மதியம் அதுவும் ஒன்றானது. அந்த இடத்துக்கு ஃபைபர் வேண்டும். கட்டட உரிமையாளர் அதே தெருவில் குடியிருக்கிறார். முன்பணம் கொடுக்கும் முன்பே இணைய அனுமதியை எழுத்தில் கேட்டுக் கடிதம் தயார் செய்திருக்கிறோம், இரண்டு மொழியிலும்.