கொல்லைப்புற நீச்சல் குளம்: 11 ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டி 11 ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் குளம் அது. ஆழம் ஒரு முனையில் 1.1 மீட்டரில் தொடங்கி மறுமுனையில் 1.5 மீட்டரில் முடிகிறது. ஏறத்தாழ 41,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கட்டுவதற்கு முன் டைல்ஸின் நிறத்தையும் குளத்தின் வடிவத்தையும் பற்றி மாதக்கணக்கில் யோசித்தோம். அவ்விரண்டைப் பற்றியும் பிறகு ஒரு நாள்கூட வருந்தியதில்லை. காற்று எந்தப் பக்கமாக வீசுகிறது, மண்ணுக்கடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, பைப்பின் விட்டம் என்ன என்று அன்று கேட்காமல் விட்ட கேள்விகளுக்காகப் பலமுறை வருந்தியிருக்கிறோம். குளம் கட்டத் திட்டமிடுவோருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காற்று. நீரின் மேற்பரப்பில் மிதக்கும் இலை, தூசி, பூச்சி ஆகியவற்றை உறிஞ்சி எடுக்கும் ஸ்கிம்மர், காற்று குப்பையைத் தள்ளிச் சேர்க்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் பைப்பின் நீளத்தைக் குறைப்பதற்காக அதை மோட்டார் அறைக்கு அருகில், நேர் எதிர்ப்பக்கத்தில் வைத்தார். அதனால் நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு நாள் காலையிலும், படிக்கட்டு மூலையில் சேர்ந்து கிடக்கும் இலைகளை வலைக்கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தேன். வேறொரு பழுதுக்காகக் கரையின் தளத்தை உடைத்தபோதுதான் அந்த மூலையில் இரண்டாவது ஸ்கிம்மர் அமைத்தோம். அள்ளும் வேலை பெரும்பகுதி குறைந்துவிட்டது. குளம் வரவிருக்கும் இடத்தில் நான்கு குச்சிகளை நட்டு, துணி நாடா கட்டிச் சில மாதங்கள் கவனித்தாலே போதும். மதில் ஓரத்தில் சருகு எந்த மூலையில் குவிகிறது என்பதும் அதே செய்தியைச் சொல்லும்.

அடுத்தது நிலத்தடி நீர். இதில் குளத்தையே இழந்திருப்போம். மூன்றாம் ஆண்டில் டைல்ஸ் இடுக்குகளில் உதிர்ந்த குரூட்டை (இடுக்கை அடைக்கும் சாந்தை) மீண்டும் பூசுவதற்காக மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்தோம். இரண்டு நாள் வேலைதான் என்று பணிக்கு வந்தவர்கள் உறுதியளித்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஆழமான பகுதியில் இறங்கிப் பார்த்தபோது, தரையில் ஒரு வரிசை டைல்ஸ் சற்றே மேலெழும்பியிருந்தது. அதன் ஓரத்தில் விரலை வைத்தால் ஒரு நாணயத்தின் கனத்துக்கு ஏற்றம் தட்டுப்பட்டது. இடுக்கில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. நீரில் ஊறிய மண்ணுக்குள் இருக்கும் காலிக் குளம் ஒரு படகைப் போன்றது. நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால், குளத்தின் கொள்ளளவுக்கு மட்டுமே 41 டன்னுக்கு மேற்பட்ட விசை அதை மேலே தள்ளும். எங்கள் கான்கிரீட் தொட்டியின் எடை அதைவிடக் குறைவு. இந்த அழுத்தத்தை விடுவிப்பதற்கென்றே தரையில் ஒரு வால்வு பொருத்துவார்கள். எங்கள் குளத்திலும் பொருத்தியிருந்தார்கள். ஆனால் உட்பூச்சு வேலை செய்தவர்கள் அதன் மேலேயே பூசி மூடிவிட்டிருந்தார்கள். அன்றிரவே குளத்தில் தண்ணீர் விடத் தொடங்கியதால் சேதம் அந்த ஒரு வரிசையோடு நின்றது. தோண்டுவதற்கு முன் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டி, மழைக்காலத்தில் அதில் நீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பது கட்டாயம் என்பேன். வால்வு இருக்கும் இடத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

குளம் நல்ல வெயிலில் இருக்கிறது. அது சரியான தேர்வுதான். நிழலில் தண்ணீர் சில்லென்று இருக்கும், மரத்தடி என்றால் இலையும் வேரும் தொல்லை தரும். ஆனால் வெயில் குளோரினைச் சில மணி நேரத்திலேயே சிதைத்துவிடும் என்பதால் சயனூரிக் அமிலம் என்ற பாதுகாப்புப் பொருளை 30 முதல் 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வசதிக்காக நாங்கள் பயன்படுத்திவந்த குளோரின் மாத்திரைகளிலும் இதே அமிலம் இருக்கிறது. குளோரின் செலவாகிவிடும்; அமிலம் நீரிலேயே தங்கிச் சேரும். ஐந்தாம் கோடையில் சோதனைப் பெட்டி குளோரின் 2 பி.பி.எம். என்று காட்டியபோதே சுவர் பச்சையாக வழுக்கத் தொடங்கியது. அமிலத்தை அளந்தபோது 100 பி.பி.எம்.மைத் தாண்டியிருந்தது. பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். அதுவும் கோடையில், மண் உலர்ந்திருந்தபோது. அதன்பின் திரவக் குளோரினுக்கு மாறி, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவை 7.2 முதல் 7.8 வரைக்குள் வைத்துக்கொள்கிறோம். கண்ணைக் கரிக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று விருந்தினர்கள் நினைக்கிறார்கள். வியர்வையுடனும் அழுக்குடனும் சேர்ந்த குளோரினின் வாடை அது, பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்பதற்கே அறிகுறி.

பைப் விஷயத்தில் சிக்கனம் பார்த்தது தவறு. குளத்து நீர் முழுவதும் ஃபில்டர் வழியாக எட்டு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர, மணிக்கு 5,200 லிட்டர் ஓட வேண்டும். உறிஞ்சு பைப் ஒன்றரை அங்குலம் என்பதால் மோட்டார் உராய்வோடு போராடிக்கொண்டே ஓடியது. இரண்டு அங்குலப் பைப் போட்டிருந்தால் கூடுதல் செலவு அற்பம்; இன்று மாற்றுவதானால் கரை முழுவதையும் பெயர்க்க வேண்டும். ஆறாம் ஆண்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மோட்டாரை வாங்கினோம். வேகத்தைப் பாதியாக்கினால் மின்தேவை கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிறது; இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மின்சாரம் நான்கில் ஒரு பங்குதான் செலவாகும். நடைமுறையில் அந்த அளவுக்கு மிச்சமாகவில்லை என்றாலும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைத்த மோட்டார் அறையின் இரைச்சலும் அத்துடன் அடங்கியது. அந்த அறையை அங்கே வைத்திருக்கவே கூடாது.

எட்டாம் ஆண்டில் நீர்மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவது எங்கள் குளத்துக்கு 160 லிட்டர், அது இயல்பு. கசிவா, ஆவியா என்று அறிய, வாளியில் குளத்து நீரை நிரப்பி இரண்டாம் படியில் வைத்து, வாளியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். 24 மணி நேரம் கழித்து உள்ளே 5 மில்லிமீட்டரும் வெளியே 11 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. கசிவுதான். மோட்டாரை நிறுத்தி, நீர் அசையாத நேரத்தில், ஸ்கிம்மரின் வாயில் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் சிவப்புச் சாயத்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். மேல் மூலையில் சாயம் நூல்போல் நீண்டு இடுக்கினுள் இழுபட்டுச் சென்றது. நீருக்கடியிலும் இறுகும் எபாக்ஸி பூச்சால் அதை அடைத்தோம், இன்றுவரை கசிவில்லை.

ஆழத்தைக் குறைவாக வைத்தது நாங்கள் செய்த மிக நல்ல முடிவு. பெரியவர்கள் எங்கும் காலூன்றி நிற்க முடிகிறது, நிரப்பும் தண்ணீரும் குறைவு. ஆனால் இந்த ஆழத்தில் தலைகீழாகக் குதிப்பதை யாருக்கும் அனுமதிப்பதில்லை. அகலமான படிகளும் கைப்பிடியும் இருப்பதால் முழங்கால் வலியுள்ள என் தாயார் துணையின்றி இறங்கி நடக்கிறார்.

வேலியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தண்ணீர் நிரப்பிய முதல் மாதத்தில் எங்கள் குளத்துக்கு வேலி இல்லை. ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டின் மூன்று வயதுக் குழந்தை தனியாக விளிம்பில் குனிந்து நிற்பதைச் சமையலறையிலிருந்து பார்த்து ஓடினேன். அந்த வாரமே 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் அமைத்தோம். வேலி முடியும்வரை குளத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட விடக்கூடாது. அடித்தரையில் உறிஞ்சுவாய் ஒன்றாக இல்லாமல், விலகி நிற்கும் இரண்டாக, வளைந்த மூடியுடன் இருக்க வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள்.

உட்பூச்சு ஆங்காங்கே சொரசொரப்பாகிவிட்டதால் வரும் கோடையில் குளத்தை மீண்டும் காலி செய்யப்போகிறோம். அதற்காகக் கரையோரத்தில் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்ட பைப் ஒன்றை இறக்கி, வாரந்தோறும் அளவுக்கோல் விட்டு நிலத்தடி நீர்மட்டத்தைக் குறித்துவருகிறேன். சென்ற வாரம் அது தரையிலிருந்து 1.3 மீட்டரில் நின்றது. 2 மீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகே தண்ணீரை வெளியேற்றுவோம்.