“ஒரு செக்கனில் செய்மதியைப் பிடிக்கும்” என்று விற்ற ஜி.பி.எஸ். கருவி

2023 ஏப்ரல் தொடக்கத்தில், திருகோணமலை நகரில் படகுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், 38,000 ரூபாய் கொடுத்துக் கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கினேன். “ஐயா, மற்றதெல்லாம் செய்மதியைத் தேடிக்கொண்டே இருக்கும், இது ஒரு செக்கனில் பிடிக்கும்” என்ற விற்பனையாளர், வாசலுக்கு வந்து கருவியை அணைத்து, உடனே மறுபடி போட்டுக் காட்டினார். சொன்னபடியே இடக்குறிப்பு திரையில் வந்து நின்றது. நான் ஏமாந்தது அந்த வாசலில்தான்.

ஏப்ரல் 9 ஆம் திகதி மாலை, குச்சவெளிக்கு நேரே வலை விட்ட இடத்தைக் கருவியில் குறித்துவிட்டு, பற்றரியை மிச்சம் பிடிக்க அதை அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். மறுநாள் இருட்டோடு வலை தூக்கப் போகையில் என் மச்சான் கருவியைப் போட்டார். இடம் தெரிய 14 நிமிடங்கள் ஆயின. நீரோட்டம் எங்களை எங்கே இழுத்தது என்று அறியாமல் மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டு சுற்றி, விடிந்த பிறகே மிதவையைக் கண்டோம். அப்போதுதான் திரையின் மூலையிலிருந்த திகதியைக் கவனித்தேன்: 2003 ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை. கிழமை மட்டும் சரி.

கடைக்காரரிடம் போனேன். படகு ஆடினால் அப்படித்தான் வரும் என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. ஒரு செய்மதி தான் எங்கே இருக்கிறது என்ற விபரத்தைச் செக்கனுக்கு 50 பிற் என்ற மந்த வேகத்தில், 18 செக்கன் நீளச் செய்தியாக, 30 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் ஆளோ படகின் அணியமோ மறைத்து அது அறுந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அதற்காக 14 நிமிடங்கள் ஆகாது.

நகரில் வானொலி திருத்தும் தம்பி ஒருவர் கருவியைத் திறந்து பார்த்தார். திருகாணித் தலைகள் முன்பே தேய்ந்திருந்தன. உள்ளே நினைவகத்தையும் மணிக்கூட்டையும் காக்கும் பொத்தான் அளவுப் பற்றரியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அது சில நிமிடங்களுக்கு மேல் தாங்கவில்லை. கடை வாசலில் அணைத்துப் போட்டபோது நேரமும் செய்மதி விபரமும் உள்ளே கலையாமல் இருந்ததால் கருவி தேட வேண்டியதே இருக்கவில்லை. ஓர் இரவு கழிந்ததும் எல்லாம் மறந்துபோய், எந்தச் செய்மதி வானில் நிற்கிறது என்பதே தெரியாமல் வெறுமையிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு செய்மதியையும் அடையாளம் காட்டும், 1023 துண்டுகள் கொண்ட குறியீட்டை அரைத் துண்டு அரைத் துண்டாக நகர்த்தியும், செய்மதியின் ஓட்டத்தால் அதிர்வெண் மேலும் கீழும் 5 கிலோஹேர்ட்ஸ் வரை விலகுவதை 500 ஹேர்ட்ஸ் படிகளில் மாற்றியும் பார்த்தால், ஒரு செய்மதிக்கே ஏறத்தாழ 43,000 சேர்க்கைகளைத் துழாவ வேண்டும். புதிய மின்னணுச் சில்லுகள் இவற்றை ஒரே வீச்சில் கணித்துவிடும். என்னுடையதுபோன்ற பழைய சில்லு ஒவ்வொன்றாகத் தடவும். எது எங்கே நிற்கும் என்று சொல்லும் எல்லாச் செய்மதிகளின் பொது அட்டவணையும் அழிந்திருந்தால், அதை முழுதாக வாங்கவே பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும்.

திகதி பிழைத்ததும் கருவி பழையது என்பதால்தான். திகதியைக் கணிக்கச் செய்மதிகள் அனுப்பும் ஜி.பி.எஸ். வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியதை அறியாத மென்பொருள் சரியாக 1024 வாரம் பின்தங்கிய திகதியைக் காட்டுகிறது. “புதுச் சரக்கு” என்று எனக்குக் கொடுத்தது பழைய கருவியை.

பற்றுச்சீட்டில் தொடரிலக்கம் எழுதப்படாததால், இது தங்கள் கடைக் கருவியே அல்ல என்று கடைசியில் கையை விரித்தார்கள். ஆகவே வாங்குவோர் தொடரிலக்கத்தை எழுதச்சொல்லுங்கள். கடை வாசலில் காட்டும் வித்தையை நம்பாமல், கருவியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், அமைப்புகளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அசையாமல் வைத்து எண்ணிப்பாருங்கள். நல்ல கருவிக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் போதும். கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுக் காட்டினால் அதையும் ஏற்காதீர்கள். அது செய்மதி விபரத்தை வலையமைப்பிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால்தான் விரைவாகக் காட்டுகிறது, ஆழக்கடலில் அந்த உதவி அதற்குக் கிடையாது. இடம் வந்ததும் திகதியைப் பாருங்கள்.

போன கிழமை அந்தப் பக்கம் போனபோது, அதே மஞ்சள் நிறக் கருவிகள் இரண்டு அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.