கரேராவா, கரேரா டி-யா?

2022 இறுதியில் வந்த கரேரா டி (T), போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு வகை; எடை குறைத்த கார் என்றே அறிமுகமானது. பின் இருக்கைகள் இல்லை, கண்ணாடி மெல்லியது, பேட்டரி இலேசானது, ஒலியை அடக்கும் பொதிவும் குறைவு. இத்தனை செய்தும் எடை 1,470 கிலோ. அதே தலைமுறையின் சாதாரண கரேரா 1,505. குறைந்தது வெறும் 35 கிலோ. அதிலும் ஒரு பங்கு மேனுவல் கியர்பெட்டியால் வந்தது.

1973-இல் கரேரா ஆர்எஸ் 2.7 காரின் டூரிங் வகை 1,075 கிலோ, ஸ்போர்ட் வகை 960. ஸ்போர்ட்டில் கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, கதவை இழுத்துச் சாத்த உள்ளே ஒரு வார் மட்டும். எடைக் குறைப்பு என்றால் அதுதான்!

2022-இன் கரேரா, டி இரண்டிலும் அதே 385 குதிரைத்திறன். 100 கி.மீ. வேகத்தைத் தொட, தானியங்கி கியர் கொண்ட கரேராவுக்கு 4.2 விநாடி, மேனுவல் டி-க்கு 4.5. காகிதத்தில் டி தோற்கிறது.

ஆனாலும் நான் டி பக்கம்தான். ஏழு கியரையும் கையால் மாற்றும் சுகம் இந்தக் கரேராவில் கிடையாது. 10 மி.மீ. தாழ்ந்த சஸ்பென்ஷனும் டி-யில் உண்டு. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் மூச்சு வாங்குவதும், சக்கர வளைவில் சரளைக்கல் தெறிப்பதும் தெளிவாகக் கேட்கும். தினமும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு அந்த இரைச்சல் அலுத்துவிடும். அவர் கரேராவையே வாங்கட்டும். குழந்தைகளுக்காகத் தயங்குவோருக்கு, அந்த டி-யில் பின் இருக்கைகளைக் கூடுதல் கட்டணமின்றிக் கேட்டுப் பெற முடிந்தது.