ஐந்து பேர் குடும்பமும் ஆக்டிவ்எஸ்ஜியும்

உடலைச் செதுக்க வேண்டும் என்று கங்கணம் கட்டியவர்களுக்கான குறிப்பு அல்ல இது. இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார், எப்போதாவது ஞானோதயம் வந்து பளு தூக்கக் கிளம்பும் கணவர் என்று எங்களைப் போன்ற சிங்கப்பூர் வீடுகளுக்கு, அரசாங்கம் நடத்தும் நீச்சல் குளமும் ஜிம்மும் கட்டுப்படியாகுமா என்று யோசிப்பவர்களுக்கு.

அந்தக் குளங்களையும் ஜிம்களையும் பயன்படுத்துவதற்கான அரசாங்க உறுப்பினர் திட்டம்தான் ஆக்டிவ்எஸ்ஜி. 2014இல் அது தொடங்கியபோது, உறுப்பினரான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கணக்கில் போட்டார்கள். பணமாக எடுக்க முடியாது, நுழைவுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்போது சேர்ந்தவர்கள் நாங்கள். அந்த 100 வெள்ளி எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் தொடர்கிறோம் என்றால், சந்தா இல்லை என்பதே காரணம். பிள்ளைகளுக்குத் தேர்வு வரும், மாமியார் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவார், யாருக்காவது சளி பிடிக்கும். தனியார் ஜிம்மில் அந்த மாதங்களுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். இங்கே போகாத நாளுக்குக் காசு இல்லை.

எங்கள் பேட்டைக் குளத்தில் நாங்கள் கட்டி வந்தது, வார இறுதியில் பெரியவருக்கு 1 வெள்ளி 30 காசு, பிள்ளைகளுக்கும் மூத்தோருக்கும் 60 காசு. ஐந்து பேருக்கு 4 வெள்ளி 40 காசு. குளித்து முடித்த பசியில் உணவங்காடியில் பிராட்டாவும் (பரோட்டா) தே தாரிக் என்ற இழுத்த தேநீரும் சாப்பிட்டால் அதைப்போல் பல மடங்கு ஆகிறது. குடும்ப உடற்பயிற்சியின் பெரும் செலவு பிராட்டாதான் என்று கணவர் சொல்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரும் செலவு நீச்சல் வகுப்பு.

நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் சொல்லித்தரும், 2010இல் வந்த ஸ்விம்சேஃபர் திட்டத்தில் ஆறு நிலைகள். முதல் மூன்றுக்குப் பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம். பள்ளியில் சொல்லித் தருவதோடு நிறுத்திக்கொண்டால் சிக்கல் இல்லை. தங்கம் வரை போயே ஆக வேண்டும் என்று பெற்றோர் கிளம்பினால்தான் பணப்பை இளைக்கிறது. பயிற்றுநருக்கு ஒரு மாதம் கொடுத்ததில் நாங்கள் ஐவரும் பல மாதங்கள் குளத்துக்குப் போய் வந்திருக்கலாம். பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆழமான நீரில் பிள்ளை பதறாமல் மிதப்பதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வராது. வண்ணச் சான்றிதழுக்காகப் போட்டி போடுவதுதான் வீண்.

மாமியார் நீந்துவதில்லை, ஆழமில்லாத பக்கத்தில் நடக்கிறார். தரையில் வலிக்கும் முழங்கால் தண்ணீரில் சொன்னபடி கேட்கிறது. எங்களில் அதிகம் பயன்பெற்றவர் அவர்தான்.

குறைகளும் உண்டு. மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் கரையேற வேண்டும். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இது அடிக்கடி நடக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். ஜிம்முக்குப் பெரியவருக்கு 2 வெள்ளி 50 காசு, மாணவருக்கு 1 வெள்ளி 50 காசு கொடுத்தோம். விலைக்குக் கருவிகள் தாராளம். ஆனால் அலுவலகம் விட்ட பிறகு போனால் பளு தூக்குவதைவிட வரிசையில் நிற்பதே அதிகம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் கட்டணம் வேறு, செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூப்பந்துத் திடலை மட்டும் நம்பிச் சேராதீர்கள். மாலை நேர இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நாங்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே ஆடுகிறோம். காற்றடித்தால் பந்து பக்கத்துப் புளோக்குக்குப் போகிறது, ஆனால் முன்பதிவு வேண்டாம்.