69 ரோட் ரன்னரில் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்: சில வருஷம் ஓட்டிய பிறகு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். டாங்கிலிருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் அனுப்ப நான் மாட்டிய எலெக்ட்ரிக் பம்ப் நன்றாக ஓடுகிறது, கழற்றும் எண்ணம் இல்லை. ஆனால் என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் "எந்த பம்ப் வாங்கலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எங்கே மாட்டுவது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது, இன்ஜின் நின்றதும் பம்ப் தானாக நிற்குமா, இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

வண்டி 1969 பிளிமத் ரோட் ரன்னர். 383 கன அங்குல வி8, அந்தக் காலத்துக் கணக்கில் 335 குதிரைத்திறன், மேலே கார்ட்டர் ஏவிஎஸ் ஃபோர் பேரல் கார்புரேட்டர். கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் உருவத்துக்கும் வார்னர் பிரதர்ஸிடம் 50,000 டாலர் கொடுத்த கம்பெனி, வண்டியின் மற்ற விஷயங்களில் ஒவ்வொரு காசையும் எண்ணி எண்ணிச் செலவு செய்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். நான் இருப்பது டெக்சஸில், சான் அன்டோனியோ பக்கம். இங்கே ஜூலை, ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் மாற்றினேன் என்றால், வெயில் காலத்தில் ஐ-35 நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்விட்டு பெட்ரோல் போட நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கிளம்பும், ஒரு மைல் ஓடும், அப்புறம் முக்கி முனகி சிக்னலில் அணைந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து வியர்த்துக்கொண்டு நின்றால் அரை மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். இதுதான் வேப்பர் லாக், அதாவது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. இந்த இன்ஜினில் அசல் மெக்கானிக்கல் பம்ப் முன்பக்கம் வலது கீழ் மூலையில், கொதிக்கிற பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கேம்ஷாஃப்டில் இருக்கும் மையம் விலகிய வட்டு ஒரு சின்ன புஷ்ராடைத் தள்ள, அது பம்பின் கையைத் தள்ளுகிறது. டாங்கோ வண்டியின் கடைசியில். அவ்வளவு தூரத்துக்கும் பெட்ரோலை உறிஞ்சித்தான் கொண்டுவர வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும், அதோடு இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வேறு. குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் காற்றைத்தான் மென்று கொண்டிருக்கும்.

ஊரில் ஆழக் கிணற்றுக்கு மோட்டாரை மேட்டில் வைக்காமல் உள்ளே இறக்கி வைப்பார்கள் இல்லையா, அதே நியாயம்தான் இங்கேயும். பம்பை டாங்கின் பக்கத்தில், டாங்கின் அடிமட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வைத்துவிட்டால் முன்பக்கம் வரைக்கும் குழாய் முழுக்க அழுத்தத்தில் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. எலெக்ட்ரிக் பம்பை இன்ஜின் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். காசும் போய், வேப்பர் லாக்கும் அப்படியே இருக்கும்.

சரி, எந்த பம்ப்? ஒரு ஒர்க்‌ஷாப்பில் 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தரும் பெரிய பம்பையும், அந்த அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டரையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வீச்சில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் 335க்கு சுமார் 168 பவுண்டு. ஒரு கேலன் பெட்ரோல் ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். ஆக மணிக்கு 28 கேலன் போதும், அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே இருந்தால்தான். நான் வாங்கிய கார்ட்டர் பி4070 மணிக்கு 72 கேலன் என்று சொல்கிறது, அதிகபட்சம் 6 பிஎஸ்ஐ. தடையில்லாமல் ஓடும்போது எடுத்த எண் அது, குழாயும் ஃபில்டரும் சேர்ந்தால் குறையும், குறைந்தாலும் தாராளம். இந்த மாதிரி கார்புரேட்டருக்கு 5 முதல் 6 பிஎஸ்ஐ இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கார்புரேட்டர் கிண்ணத்தின் வழியை மூடும் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே வழியும். ரெகுலேட்டர் வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி, ஒழுக ஒரு இடம் குறைவு.

இடத்துக்கு வருகிறேன், அதிக நேரம் தின்றது இதுதான். இந்த பி-பாடி (கிரைஸ்லரின் நடுத்தர அளவு) வண்டிகளில் டாங்கின் முன் முகத்தில்தான் பெட்ரோல் அளவைக் காட்டும் சென்டிங் யூனிட் இருக்கிறது, பெட்ரோல் குழாய் அங்கிருந்து வலதுபக்கமாக முன்னே போகிறது. பம்புக்கு வசதியான இடம் வலது பின் ஃப்ரேம் ரெயில். ஆனால் இரட்டை எக்ஸாஸ்டின் டெயில்பைப் ஆக்ஸிலுக்கு மேலே ஏறி அதே ரெயிலை உரசுகிற மாதிரி டாங்கின் ஓரமாகப் பின்னே போகிறது. அட்டையை பம்ப் அளவுக்கு வெட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, டெயில்பைப்பிலிருந்து எட்டி, இலை ஸ்பிரிங் முழுக்க அமுங்கினாலும் இடிக்காமல், டாங்கின் அடிமட்டத்துக்கு மேலே போகாமல், ஒரு இடம் கண்டுபிடித்தேன். பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடும் வளைத்து வைத்திருக்கிறேன். பம்ப் நெட்டுக்குத்தாக நிற்கிறது, ரப்பர் மவுண்டில். ரப்பர் வைத்தால் பம்பின் உடம்புக்கு எர்த் கிடைக்காது, தனி வயர் விட வேண்டும், ரெயிலில் பெயின்டை இரும்பு தெரியும் வரை சுரண்டிவிட்டு.

பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், கார்புரேட்டருக்கு முன்னால்தான் நுண்ணிய ஃபில்டர். பம்புக்கு முன்னால் பேப்பர் ஃபில்டர் போட்டால் அது மூச்சுத் திணறி, சத்தம் போட்டு, சீக்கிரம் செத்துப் போகும். ஐம்பது வருஷத் துருவோடு இருந்த டாங்கையும் மாற்றிவிட்டேன்.

வயரிங். பழைய கிரைஸ்லர் வண்டி (பிளிமத்தும் அவர்களுடையதுதான்) வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த வண்டிகளில் சார்ஜிங் கரண்ட் முழுக்க ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) உள்ள கனெக்டர் வழியாக டாஷ்போர்டு அம்மீட்டருக்குள் போய் வருகிறது. அந்த கனெக்டர் உருகிய வண்டிகள் ஏராளம். அதனால் பம்புக்கான கரண்டை டாஷுக்குள்ளிருந்து எடுக்கவே கூடாது. ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரி ஸ்டட்டில் இருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே, அங்கிருந்து 14 கேஜ் வயர் நேராகப் பின்னால். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரி பக்கத்தில் இருந்து எடுப்பதால், பம்ப் தின்கிற கரண்டும் அம்மீட்டர் வழியாகத்தான் வந்து சேர்கிறது, ஆகவே வண்டி ஓடும்போது முள் எப்போதும் ஒரு மயிரிழை 'சி' (சார்ஜ்) பக்கம் சாய்ந்தே நிற்கும். பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகிறது என்று பயப்பட வேண்டாம்.

ரிலேயை எழுப்புவது சாவி சுவிட்சிலிருந்து வரும் நீல வயர் மட்டும் என்றால் போதாது. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது இந்த வண்டிகளில் நீல வயர் செத்துவிடும், பிரவுன் வயர்தான் இக்னிஷன் காயிலுக்குப் போகும். எனவே மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச் வைத்தேன். ஒரு முனைக்கு ஸ்டார்ட்டரின் மஞ்சள் வயர், ஒன்றுக்கு நீலம், மூன்றாவது ரிலேக்கு. ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்றும்போது மஞ்சள் வழியாக பம்ப் ஓடும், ஆயில் பிரஷர் ஏறியதும் நீலத்துக்கு மாறும், இன்ஜின் நின்று பிரஷர் இறங்கினால் சாவி ஆனில் இருந்தாலும் பம்ப் நிற்கும். இதோடு ஒரு இனர்ஷியா சுவிட்ச், பழைய ஃபோர்டு இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வருமே, இடித்தால் கரண்டை வெட்டுவது. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து தானாக நிற்கும். எலெக்ட்ரிக் பம்புக்கு அந்த அறிவு கிடையாது, விபத்தில் குழாய் அறுந்தாலும் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு சுவிட்சும் இல்லாமல் மாட்டுவதாக இருந்தால் மாட்டவே வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி ஓட்டின அனுபவம். ஓடும்போது அணைவது அடியோடு நின்றுவிட்டது. ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் மலை ரோட்டில் உச்சி வெயிலில் ஏறி இறங்கியும் ஒரு தடவைகூடத் திணறவில்லை. மூன்று வாரம் கராஜில் சும்மா நின்றால் கார்புரேட்டர் கிண்ணம் காய்ந்துவிடும், முன்பெல்லாம் ஸ்டார்ட்டரை முறுக்கி முறுக்கி பேட்டரி பாதியாகும். இப்போது டாஷுக்கு அடியில் ஒரு பிரைம் பட்டன், அழுத்திப் பிடித்தால் பின்னால் கடகடவென்று ஆரம்பிக்கும் சத்தம், குழாய் நிறைந்ததும் இறங்கி அடங்கும், அதைக் காதால் கேட்டுவிட்டு சாவியைத் திருப்பினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ரோட்டரி வேன் பம்புகளுக்கே உரிய இரைச்சல் உண்டு. ரப்பர் இருந்தும் சிக்னலில் நிற்கும்போது பின் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்கும், மணிக்கு 40 மைலைத் தாண்டினால் எக்ஸாஸ்ட் அதை விழுங்கிவிடும். என் மனைவிக்கு எக்ஸாஸ்ட் சத்தம் பரவாயில்லையாம், இந்த முனகல்தான் எரிச்சலாம். அப்புறம், சூட்டில் நிறுத்திய பிறகு கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதிப்பதை எந்த பம்பும் நிறுத்தாது. அதற்கு கார்புரேட்டருக்கு அடியில் ஃபீனாலிக் ஸ்பேசர் (சூட்டைத் தடுக்கும் ஒரு தடித்த தட்டு) வைத்த பிறகுதான் பெருமளவு சரியானது. பிரஷர் கேஜ் திரவம் நிரப்பிய வகை என்றால் இன்ஜின் சூட்டில் குறைத்துக் காட்டும். காலையில் ஐந்தரை, மதியம் நாலு என்று முள் இறங்கியதைப் பார்த்து பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஆறவைத்துப் பாருங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எத்தனால் பழைய வகை ரப்பரை உள்ளிருந்தே தின்கிறது. நான் முழுக்க ஜே30ஆர்9 என்ற தரத்து ஹோஸ்தான், அதையும் வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவேன். இந்தியாவில் இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள், பழைய அம்பாசடரோ புல்லட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஒரு வரி பொருந்தும்.

செலவு என்று பார்த்தால் பம்ப் நூறு டாலர் சொச்சம், வயர், ரிலே, சுவிட்சுகள், ஹோஸ் எல்லாம் சேர்ந்து அதைவிடக் கூடுதல். குளிர்ப் பிரதேசத்தில், அசல் நிலையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி என்றால் நல்ல மெக்கானிக்கல் பம்ப் ஒன்றே போதும். இந்த 383, 440 இன்ஜின்களில் அந்த புஷ்ராட் தேய்ந்து குட்டையாகிவிடும், பம்ப் புதிதாக இருந்தும் பெட்ரோல் வராது. எலெக்ட்ரிக்குக்குப் போவதற்கு முன் அதை வெளியே எடுத்து ஒரு புது ராடோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.