ஸ்டாட்யூட்டரி டிமாண்ட் வந்தால் ‘கடன் ஆலோசகர்’ பக்கம் போகாதீர்கள்

சிட்னியில் சின்ன அளவில் கம்பெனி நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மைத்துனரும் கடைகளுக்கு டைல்ஸ் போட்டு, உள்வேலை முடித்துக் கொடுக்கிறோம். சப்ளையர் ஒருவர் அனுப்பிய டைல்ஸில் பாதிக்கு மேல் ஓரம் உடைந்து வந்தது. அன்றே போட்டோவோடு மெயில் அனுப்பினோம். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றவர் கடைசி வரை எடுக்கவில்லை. ஆனால் 38,000 டாலர் பில்லை மட்டும் விடவில்லை. அப்புறம் எங்கள் கம்பெனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலக முகவரிக்கு ஸ்டாட்யூட்டரி டிமாண்ட், அதாவது கடனைக் கட்டச் சொல்லும் சட்டப்படியான கெடு நோட்டீஸ், வந்து சேர்ந்தது.

இதை சாதாரண வக்கீல் நோட்டீஸ் மாதிரி நினைத்துவிடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து 4,000 டாலர் கடன் இருந்தாலே ஒரு கம்பெனிக்கு இதை அனுப்பலாம். கோர்ட் தீர்ப்பு கையில் இருக்க வேண்டியதில்லை, கடன் நிலுவையில் இருக்கிறது என்று ஒரு அஃபிடவிட் சேர்த்தால் போதும். 21 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அதே 21 நாளுக்குள் ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கம்பெனி திவால் என்று சட்டமே அனுமானித்துவிடும். அந்த அனுமானத்தை வைத்து கம்பெனியைக் கலைக்க மனு போடலாம்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ‘கடன் ஆலோசகர்’ வந்தார். வக்கீலும் இல்லை, கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் பதிவு பெற்ற லிக்விடேட்டரும் இல்லை. நன்றாகத் தமிழ் பேசினார். “அண்ணா, நீங்க வேலையைப் பாருங்க, இதை நான் பாத்துக்கிறேன்” என்று 3,300 டாலர் வாங்கிக்கொண்டார். அவர் செய்த ஒரே வேலை, பில்லில் தகராறு இருக்கிறது என்று சப்ளையரின் வக்கீலுக்கு ஒரு கடிதம். அவர்களும் பரிசீலிக்கிறோம் என்று பதில் போட்டார்கள். பேச்சுவார்த்தை நடக்கிறதே, நாள் கணக்கு நின்றுவிட்டது என்றார் ஆலோசகர். நிற்கவே இல்லை.

கெடு தாண்டிய பிறகு பார்த்த வக்கீல் விளக்கியபோதுதான் வயிறு எரிந்தது. மனுவைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாதாம். மனுவும் அஃபிடவிட்டும் பணம் கேட்கும் தரப்புக்கும் அந்த 21 நாளுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கோர்ட்டால்கூட நீட்டிக்க முடியாது. 1995-இல் வெஸ்ட்பேக் வங்கி சம்பந்தப்பட்ட டேவிட் கிராண்ட் வழக்கிலேயே ஹைகோர்ட், அதாவது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், இதை முடித்து வைத்துவிட்டது. தகராறுக்கான காரணங்களும் முதல் அஃபிடவிட்டிலேயே வந்துவிட வேண்டும். பிறகு புதுக் காரணம் சேர்க்க விடமாட்டார்கள்.

எரிச்சல் என்னவென்றால், எங்கள் கேஸ் நல்ல கேஸ். ரத்து மனுவில் யார் சொல்வது சரி என்று கோர்ட் தீர்ப்பு சொல்வதில்லை. கடனைப் பற்றி உண்மையான தகராறு இருக்கிறதா, அவர்களிடமிருந்து நமக்கு வரவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். போட்டோ, மெயில் எல்லாம் எங்களிடம் இருந்தன. கெடு போன பிறகு, கலைப்பு மனுவில் அதே வாதத்தை எழுப்ப கோர்ட்டின் அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது.

அப்போதுதான் ஆலோசகர் அடுத்த சரக்கை எடுத்தார். வேனையும் மெஷின்களையும் சொற்ப விலைக்குப் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு இதை மூடிவிடலாம், அதற்குத் தனி ஃபீஸ். கெடுவை வேண்டுமென்றே விட்டாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கெடு போனால்தான் அந்த வியாபாரம் நடக்கும் என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்ன வேலைக்கு இங்கே ஃபீனிக்ஸ் மோசடி என்று பெயர். 2020-இல் இதற்கென்றே சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள், டைரக்டர் ஜெயிலுக்கே போகலாம். கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஏசிக்கும் (ASIC) வரித்துறையும் இப்படிப்பட்ட ஆலோசகர்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கின்றன.

கலைப்பு மனு வந்தால் அது பொது அறிவிப்பாக வெளியாகும், பேங்க் கணக்கை முடக்கலாம், எங்களுக்கு வேலை தருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் முழுத்தொகையையும் கட்டினோம். உடைந்த டைல்ஸுக்கான இழப்பீட்டுக்குத் தனியாக வழக்குப் போடும் யோசனை இருக்கிறது.

உங்கள் கம்பெனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகம் அக்கவுண்டன்ட் முகவரியில் இருந்தால் அவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். நாள் கணக்கு அந்த முகவரிக்குக் கடிதம் சேர்ந்ததிலிருந்து ஓடும், உங்கள் கைக்கு வந்ததிலிருந்து இல்லை. திவால் வழக்குகள் நடத்திப் பழகிய வக்கீலை அன்றைக்கே கூப்பிடுங்கள். யாராவது லிக்விடேட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஏசிக் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். எங்கள் ஆலோசகர் மீது ஏசிக்கில் புகார் கொடுத்திருக்கிறேன். 3,300 டாலரைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.